கெக்குண மரம்: சப்ரகமுவ கமக்காரருக்கு ஒரு நீண்டகாலத் தேட்டம்

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் கமஞ்செய்வோர் பெரும்பாலும் மூன்று வகை நிலங்களுக்கு நடுவே வாழ்கின்றனர். பள்ளத்திலே நெல் வயல். அதற்கு மேற்பட்ட சரிவிலே வீட்டுத்தோட்டமும் மரக்கறிப் பாத்திகளும். அதற்கும் மேலே தேயிலையும் இறப்பரும். நெல் நான்கு மாதத்திற் பலன் தருவது. போஞ்சியும் பாகலும் இரண்டு மூன்று மாதத்திற் பறிக்கப்படுவன. தேயிலையோ வாரந்தோறும் கொழுந்து கொடுப்பது. இவ்வாறு குறுகிய காலத்திற் கைக்கு வரும் பயிர்களையே நாம் பெரிதும் நம்பி வந்திருக்கின்றோம். ஆனால், பத்தாண்டுக்குப் பின்னரும், முப்பதாண்டுக்குப் பின்னரும் பலன் தரும் பொருளொன்று நமது காணியில் உண்டோ என்று கேட்டால், பலரும் ஒரு பலா மரத்தைக் காட்டுவரேயன்றி வேறொன்றைக் காட்டமாட்டார்.

ஒரே பயிரை மாத்திரம் நம்புவதில் உள்ள ஆபத்தை மலைநாட்டுச் சரித்திரம் நமக்கு நன்கு கற்பித்துள்ளது. 1869ஆம் ஆண்டிலே கோப்பிப் பயிரிற் கண்டுபிடிக்கப்பட்ட இலை நோய், காலப்போக்கில் அப்பெருந் தொழிலையே அழித்துவிட்டது. அண்மையில், 2019ஆம் ஆண்டு முதல், இறப்பர் மரங்களிலே பூஞ்சணத்தால் உண்டாகும் இலையுதிர்வு நோய் பரவி, இவ்விரு மாவட்டங்களிலும் பால் வெட்டி வாழ்வோருக்குப் பெருந் தொல்லை கொடுத்து வருகின்றது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெல்லும் மரக்கறியும் தேயிலையும் ஒருங்கே வாடியதை எவரும் மறந்திருக்கமாட்டார். அதனைத் தொடர்ந்து வந்த 2022ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறாகவும் கறியாகவும் அமைந்தது, யாரோ ஒரு பாட்டன் எக்காலத்திலோ நட்டுவைத்த பலா மரமேயாகும். அதற்குப் பசளை போட்டவரும் இல்லை. மருந்து தெளித்தவரும் இல்லை.

ஆகவே, பலாவைப் போலவே நமது மண்ணுக்கு உரியதும், உண்ணத்தக்க கொட்டையும், உபயோகமான பலகையும், காட்டுப் பறவைகளுக்கு இரையும் ஒருங்கே தருவதுமான கெக்குண மரத்தைப் பற்றி இத்துண்டுப் பிரசுரத்திற் சிறிது விரிவாகக் கூறுவோம்.

பிற நாடுகளில் நடப்பது என்ன?

வட அமெரிக்காவிலே ஹிக்கரி என்னும் ஒருவகை மரம் இயற்கையாக வளர்கின்றது. அதன் கொட்டையை மனிதரும் உண்பர். அணிலும் பறவையும் உண்ணும். அதன் மரம் உரமும் வளையுந் தன்மையும் உடையதாதலால், கோடரிப் பிடிக்கும் சம்மட்டிப் பிடிக்கும் அந்நாட்டவர் அதனையே தேடி வாங்குவர். பீக்கன் என்னும் பெயர் பெற்ற கொட்டையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அந்நாட்டுக் கமக்காரர் வயலெல்லையிலும் ஓடையோரத்திலும் இம்மரங்களை வளர்த்து, கொட்டை, பலகை, வனவிலங்கு ஆகிய மூன்று நன்மைகளையும் ஒரே மரத்தினின்று பெறுகின்றனர். எனினும், இவை குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழும் மரங்கள். நமது வெப்பமான, ஈரமிக்க சுவாத்தியத்துக்கு ஏற்றவையல்ல. அவற்றின் விதையைத் தருவித்து நட முயல்வது வீண் செலவாகும்.

நாம் அந்நாட்டவரிடமிருந்து கற்க வேண்டியது மரத்தையன்று, முறையையே. அம்முறைக்கு ஏற்ற மரம் நமது காட்டிலேயே இருக்கின்றது. கெக்குண மரத்தின் உறவினங்கள் பிற வெப்ப நாடுகளிற் பெரும் பயன் தருகின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டின் பிக்கொல் பகுதியிலே பிலி என்னும் கொட்டை பெரிய வியாபாரப் பொருளாக விளங்குகின்றது. பப்புவா நியூகினியிலே கலிப் என்றும், சொலமன் தீவுகளிலே ஙாலி என்றும் வழங்கப்படும் கொட்டைகளும் இக்குடும்பத்தினவே. பிலிக் கொட்டைப் பருப்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது கொழுப்பாகும். வறுத்தும், சீனிப்பாகில் இட்டும், எண்ணெய் வடித்தும் அவர்கள் அதனை உபயோகிக்கின்றனர். நம்மவரோ பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் சென்று, அங்குள்ள ஜாவா வாதுமை மரங்களின் பாம்புபோல் நெளிந்து படர்ந்த பலகை வேர்களைப் பார்த்து வியந்து திரும்புகின்றனர். அம்மரமும் கெக்குணவும் உடன்பிறந்தார் போன்றவை என்பதைப் பலர் அறியார்.

மரத்தின் இயல்பு

கெக்குண என்பது சிங்களப் பெயர். பழைய தாவர நூல்களிலே பக்கிலிப்பால் என்ற தமிழ்ப் பெயரும் காணப்படுகின்றது. தாவரவியலார் இதனைக் கனேரியம் செய்லானிக்கம் என்பர். இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டிலும் இது இயற்கையாக வளர்வதில்லை. ஈரவலயத்துத் தாழ்நிலக் காடுகளிலும், அவற்றை அடுத்த மலையடிவாரங்களிலும் இதனைக் காணலாம். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரிப் பகுதியும், கேகாலையின் ஈரமான பள்ளத்தாக்குகளும் இதற்குப் பிறந்தகம் போன்றவை. சிங்கராஜ வனத்திலும் இம்மரம் உண்டு.

இது என்றும் பசுமையான பெருமரம். நன்கு வளர்ந்த மரம் எண்பது அடிக்கு மேலும் உயரும். அடிமரத்திலே பலகைபோன்ற வேர்கள் புடைத்து நிற்கும். ஓர் இலைக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இணை இணையாக அமைந்து, நுனியில் ஒரு சிற்றிலை தனித்து நிற்கும். பட்டையைக் கீறினால் நறுமணமுள்ள பிசின் கசியும். அப்பிசினைப் புகைத்தால் பூச்சிகள் விலகும் என்பது கிராமத்தார் அனுபவம். காய் முட்டை வடிவினது. ஒன்றரை முதல் இரண்டு அங்குல நீளமுள்ளது. முதிர்ந்ததும் கருநிறம் பெறும். மெல்லிய சதையை நீக்கினால், இருமுனையும் கூர்ந்து மூன்று விளிம்புகள் தோன்றும் மிகக் கடினமான கொட்டை வெளிப்படும். அதனுள் மூன்று அறைகள் உண்டு. ஆயினும் பெரும்பாலும் ஓர் அறையிலேதான் பருப்பு முற்றியிருக்கும். அப்பருப்பு வெண்மையானது, எண்ணெய்ப் பசையுள்ளது, வாதுமையை ஒத்த சுவையுடையது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தெல் கெக்குண, அதாவது எண்ணெய்க் கெக்குண, என்னும் வேறொரு மரமும் இம்மாகாணத்து வீட்டுத்தோட்டங்களில் உண்டு. அது பிற நாட்டினின்று வந்த மரம். அதன் பருப்பைப் பச்சையாக உண்டால் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. தெல் கெக்குணவின் இலை தனி இலை, இளந்தளிர்கள் மாப்பொடி தூவியதுபோல் வெண்மையாகத் தோன்றும், கொட்டை உருண்டையானது. கெக்குணவின் இலை பல சிற்றிலைகளாலான கூட்டிலை. கொட்டை முக்கோணமாய் நீண்டு கூர்ந்தது. மரத்தை ஐயமற அறிந்த பின்னரே அதன் கொட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தல் வேண்டும்.

விதையும் நாற்றும்

மரத்தின் கீழ் உதிர்ந்து கிடக்கும் புதிய பழங்களையே விதைக்கு எடுத்தல் வேண்டும். நெடுநாட் கிடந்து காய்ந்த கொட்டை முளைக்கும் சக்தியை இழந்துவிடும். பழங்களை இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்துச் சதையைக் கழுவி நீக்கி, கொட்டைகளை நீரிலிட்டால், பருப்பற்றவை பெரும்பாலும் மிதக்கும். அமிழ்ந்தவற்றைத் தெரிந்தெடுத்து, மணலும் இலைமட்கும் கலந்த மேடையிலே, ஓர் அங்குல ஆழத்திற் படுக்கவைத்து மூடுக. மேடைக்கு மேல் ஓலைப் பந்தல் இட்டு, ஈரம் குன்றாது காத்தல் வேண்டும். எலியும் முள்ளம்பன்றியும் தோண்டாதிருக்கக் கம்பிவலை போடுதல் நன்று. சில கொட்டைகள் சில வாரங்களில் முளைக்கும். சில பல மாதங்கள் செல்ல முளைக்கும். ஆகவே, முளைக்கவில்லையென்று மேடையைக் கலைத்துவிடுதல் ஆகாது.

முளைத்த கன்றுகளை ஆழமான பைகளுக்கு மாற்றுக. ஆணிவேர் மடங்கினால் மரம் பின்னர் காற்றுக்குச் சாயும். கன்று ஒன்றரை அல்லது இரண்டு அடி உயர்ந்ததும், பந்தலைச் சிறிது சிறிதாக நீக்கி வெயிலுக்குப் பழக்கிய பின் நடலாம்.

ஒரு மரத்தை மாத்திரம் நட்டுப் பலனுக்குக் காத்திருப்பது தவறாகும். இவ்வினத்து மரங்களிற் பெரும்பாலும் ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ வேறொரு மரத்திலும் பூக்கும். ஆண் மரம் காய்ப்பதில்லை. ஆண் மரம் அயலில் இல்லாவிடின் பெண் மரமும் காய்ப்பதில்லை. கன்றைப் பார்த்து ஆணோ பெண்ணோ என்று அறிய இயலாது. எனவே, தனித்தனிக் குடும்பத்தார் ஒவ்வொரு கன்று நடுவதைவிட, ஓர் ஊரார் சேர்ந்து ஆறு அல்லது எட்டுக் கன்றுகளை ஓரிடத்தில் நடுவது நலம். பூக்கத் தொடங்கிய பின் மேலதிகமான ஆண் மரங்களைப் பலகைக்கு வெட்டிவிடலாம். பிலிப்பைன்ஸ் நாட்டவர் நன்கு காய்க்கும் பெண் மரத்துக் கிளைகளை இளங்கன்றுகளில் ஒட்டிப் பலனை விரைவிற் பெறுகின்றனர். ஒட்டுக்கட்டும் பழக்கமுள்ள கமக்காரர் கெக்குணவிலும் இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

நடும் இடம்

கெக்குண பெருமரமாதலால், அதனை எங்கே நடுவது என்பதே முதற் கேள்வி. நெல்லுக்கும் மரக்கறிக்கும் வெயில் உயிர் போன்றது. நமது நாட்டிலே சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேலாகச் செல்வதால், காலையிலும் மாலையிலுமே நீண்ட நிழல் விழும். ஆகவே, வயலின் கிழக்கெல்லையிலும் மேற்கெல்லையிலும் இம்மரத்தை நெருக்கமாக நடலாகாது. வடக்கு அல்லது தெற்குப் பக்கத்திலே, வயல் வரம்பிலிருந்து நாற்பது அடிக்குக் குறையாத தூரத்தில் நட்டால் நிழலாற் பெருந் தீங்கு விளையாது. மரத்துக்கு மரம் முப்பது முதல் நாற்பது அடி இடைவெளி வேண்டும்.

குழியை இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழமாக வெட்டி, மேல்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து நிரப்பி, மழை தொடங்கியதும் நடுக. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே, யூன் மாதங்கள் சிறந்தவை. ஒக்தோபர், நவம்பர் மாதங்களிலும் நடலாம். முதல் மூன்று ஆண்டுகளுக்கு அடியிற் புல்லை நீக்கி, வைக்கோல் அல்லது காய்ந்த இலையால் மூடாக்கு இடுதல் வேண்டும். மூடாக்கு அடிமரத்தைத் தொடலாகாது. அக்காலத்தில் மரங்களின் இடைவெளியில் இஞ்சி, மஞ்சள், இராசவள்ளி, வாழை முதலியன செய்து நிலத்தினின்று வருமானம் பெறலாம். இவ்வாறு செய்வோர் மரத்துக்கெனத் தனியே களை பிடுங்க வேண்டியதில்லை.

செங்குத்தான சரிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து ஊர்களையே மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுப்பிட்டியிலும் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. அதன்பின் மரம் நட்டால் மலை சரியாது என்று பலரும் கூறக் கேட்கின்றோம். இது முழு உண்மையன்று. மரத்தின் வேர் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழைநீர் மண்ணை அரித்துச் செல்வதைத் தடுக்கும். ஆனால், ஆழத்திலே நீர் ஊறித் தளர்ந்த மலையை எந்த வேரும் தாங்கி நிறுத்தாது. எனவே, மரம் நட்டுவிட்டோம் என்று கருதி வடிகான்களைத் துப்புரவு செய்யாது விடுதலும், நிலத்தில் வெடிப்புத் தோன்றிய பின்னும் வீட்டில் தங்கியிருத்தலும் பேராபத்தாகும். வெடிப்போ, புதிதாக ஊற்றோ, சாய்ந்த மரமோ காணப்பட்டால் உடனே கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்துப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்க. பெருமரங்களை வீட்டுக்கு மேற்புறச் சரிவில் நடாதிருப்பதும் நன்று.

துணை மரங்கள்

கெக்குணவை மாத்திரம் நடுவதும் ஒற்றைப் பயிர்ச் செய்கையே. அதனோடு சேர்ந்து வளரத்தக்க மரங்கள் நமது நாட்டிற் பல உண்டு.

பலாவைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பார் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பலா நடுமாறு மக்களைத் தூண்டி, பலா மாமா என்று பொருள்படும் சிங்களப் பட்டப்பெயரையே பெற்றார். 1942ஆம் ஆண்டிலே யுத்தத்தினாற் பர்மா அரிசி வராது நின்றபோது, அவ்வாறு நடப்பட்ட மரங்களின் அருமை விளங்கிற்று. பலாக்கொட்டையும் ஒரு கொட்டையே என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவித்தும் சுட்டும் மாவாக்கியும் உபயோகிக்கத்தக்க அதனை எத்தனை வீடுகளில் எறிந்துவிடுகின்றனர்!

காட்டு ஈரப்பலா என்பது இலங்கைக்கே உரிய மற்றொரு மரம். அதன் விதைகளை வறுத்து உண்பர். மரம் தளபாடத்துக்கும் தோணிக்கும் ஏற்றது. ஹல் என்னும் மரமும் இங்கு மாத்திரம் வளர்வது. சிங்கராஜ வனத்தை அடுத்த கிராமத்தார் அதன் பெரிய விதைகளை இடித்துப் பல நாள் நீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்கி, மாவாக்கிப் பிட்டு அவிப்பர். கித்துள் மரத்திலிருந்து பதநீர் இறக்குவோர், அது புளியாதிருக்கும் பொருட்டு முட்டியினுள் ஹல் பட்டைத் துண்டை இடுவதும் வழக்கம். ஆகவே, கித்துள் இருக்கும் ஊரில் ஹல் மரமும் இருத்தல் நன்று. இவ்வாறு ஒரு மரம் மற்றொரு மரத்தின் தொழிலுக்கு உதவுவதைக் கண்டறிந்து நட்டோர் நமது முன்னோர்.

கொட்டை சேகரித்தலும் காத்தலும்

முதிர்ந்த பழங்கள் தாமாகவே உதிரும். மரத்தில் ஏறிப் பறிக்க முயல்வது ஆபத்து. காயாகப் பறித்த கொட்டையிற் பருப்பும் முற்றியிராது. உதிர்ந்தவற்றை நாள்தோறும் காலையிற் பொறுக்கிச் சதையை நீக்கி, நிழலிலும் இளவெயிலிலும் நன்கு உலர்த்துக. குலுக்கினால் பருப்பு ஆடும் ஓசை கேட்பது நன்கு உலர்ந்தமைக்கு அடையாளம். பருப்பிலே எண்ணெய் மிகுதியாதலால், ஓட்டை உடைத்து வைத்தால் விரைவிற் சிக்கு நாற்றம் பிடிக்கும். ஓட்டுடனே சேமித்து, வேண்டும்போது உடைப்பதே சிறந்தது.

கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்தி, விளிம்பிலே கத்தியின் பின்புறத்தாலோ சிறு சுத்தியலாலோ அளவாக அடித்தால் பருப்பு உடையாது வெளிவரும். பூஞ்சணம் பிடித்த பருப்பை உண்ணலாகாது, விற்கவும் ஆகாது. பருப்பை வறுத்து உண்ணலாம். மரமுந்திரிகைப் பருப்புக்குப் பதிலாகக் கறியிலும் இனிப்புப் பண்டங்களிலும் சேர்க்கலாம். மரமுந்திரிகை வறண்ட பிரதேசத்துக்கு உரியது. சப்ரகமுவ மழையில் அது செழிப்பதில்லை. நம் மழைக்கு ஏற்ற கொட்டை மரம் கெக்குணவே. எனினும், சந்தையில் இதற்கு இன்று நிலையான விலை உண்டென்று நம்பி ஏக்கர் கணக்கில் நடுதல் விவேகமாகாது. முதலில் வீட்டுத் தேவைக்கு நடுக, மிகுந்ததை அயற்சந்தையில் விற்றுப் பார்க்குக, பின்னர் பெருக்குக.

பலகை

கெக்குண மரம் இலேசானது, மெதுவானது. வீட்டு வளைக்கும் கதவு நிலைக்கும் இது உதவாது. கறையான் எளிதில் அரிக்கும். பெட்டி செய்தற்கும், ஒட்டுப்பலகைக்கும், உட்புறத்து இலேசான வேலைகளுக்குமே ஏற்றது. பலகைத் தேவைக்காகக் காட்டு மரத்தை நம்பிய காலமும் ஒன்று இருந்தது. 1970களின் முற்பகுதியிலே, ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டிச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினர். மக்களின் எதிர்ப்பினால் 1977ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. 1988ஆம் ஆண்டில் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. இன்று காட்டில் கோடரி வைக்க இயலாது, வைத்தலும் ஆகாது. எனவே, பெட்டிப் பலகை வேண்டுவோர் தமது காணியிலேயே வளர்த்துக்கொள்ளல் வேண்டும்.

வெட்டுமுன் சட்டத்தை அறிந்துகொள்வது அவசியம். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பலா, ஈரப்பலா ஆகியவற்றைத் தமது சொந்தக் காணியிலேயும் அனுமதியின்றி வெட்டலாகாது. வேறு மரமாயினும், வெட்டுவதற்கு முன்னும், ஏற்றிச் செல்வதற்கு முன்னும், பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுதல் பின்வரும் தொல்லைகளைத் தவிர்க்கும்.

பறவையும் விலங்கும்

கனிந்த கெக்குணவின் சதையை நாடிக் காட்டுப் பெரும்புறாவும் இருவாய்ச்சிப் பறவையும் வரும். அவை பழத்தை விழுங்கித் தொலைவிற் கொட்டையை உமிழ்ந்து, கூலியின்றிக் காடு நடுகின்றன. மலையணிலும் மந்தியும் வரும். வனம் துண்டு துண்டாகத் தேயிலைக்கும் இறப்பருக்கும் இடையே சிதறிக்கிடக்கும் இம்மாகாணத்திலே, ஓடையோரத்தில் வரிசையாக நிற்கும் நாட்டு மரங்கள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் செல்லும் பாலமாக அமையும்.

இதனைக் கேட்ட கமக்காரர் ஒருவர், “ஐயா, குரங்கினாலும் பன்றியினாலும் முள்ளம்பன்றியினாலும் நாங்கள் மரக்கறி செய்வதையே கைவிடும் நிலைக்கு வந்துவிட்டோம். அவற்றுக்கு விருந்து வைக்க மரமும் நட வேண்டுமோ?” என்று கேட்பாராயின், அது நியாயமான கேள்வியே. அதற்கு நேர்மையான விடை இது: கொட்டை மரம் குரங்கைத் தடுக்காது, பழம் உள்ள காலத்தில் அழைக்கவும் கூடும். ஆகவே, மரக்கறிப் பாத்திக்கும் வீட்டுக் கூரைக்கும் அருகே இதனை நடவேண்டாம். காட்டோரத்திலும் ஓடையோரத்திலும், பயிரிலிருந்து இயன்ற அளவு தொலைவிலே நடுக. மரத்தின் கிளையிலிருந்து தாவிப் பாத்திக்கு வரக்கூடிய வழி இல்லாதிருத்தல் வேண்டும். காட்டிலே இரை குன்றியமையும் விலங்குகள் ஊருக்குள் வருதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால், பத்து மரம் நட்டு அக்குறையை நீக்கிவிடலாம் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. வேலியும் காவலும் தொடர்ந்து வேண்டும்.

யார் நடுவது? யார் பொறுக்குவது?

தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு இம்மரத்தைச் சிபாரிசு செய்யும்போது, இதனினும் கடினமான ஒரு கேள்வி எழுகின்றது. லயத்தில் வாழ்பவர் பாத்தி கட்டி மரக்கறி செய்யும் நிலம் அவருடையதன்று. இரண்டு மாதப் பயிராயின் அதனாற் பெருங் குறை இல்லை, விதைத்தவரே பறிக்கின்றார். இருபதாண்டு மரமாயின், நட்டவருக்குக் கொட்டை உரித்தாகுமோ, மரம் உரித்தாகுமோ என்பது தெளிவாதல் வேண்டும். இத்தெளிவின்மையாலேயே தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்தவர்களுள் பலர் ஒரு பழமரந்தானும் நடாது வாழ்ந்திருக்கின்றனர். அது அவர்களது சோம்பலன்று.

அண்மைக் காலத்திலே தனி வீட்டுடன் ஏழு பேர்ச் காணி பெற்ற குடும்பங்கள் உண்டு. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. முழுதாக வளர்ந்து நாற்பது அடி விரிந்த ஒரு கெக்குண மரத்தின் நிழல் மாத்திரம் 1,250 சதுர அடிக்கு மேல் மூடும். ஆகவே, அத்தகைய காணியில் இதனை நடலாகாது. அங்கே முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, பப்பாசி போன்றவையே பொருந்தும்.

இக்குடும்பங்கள் கெக்குண நடுவதற்குத் தக்க இடம் பொதுநிலமேயாகும்: பாடசாலை வளவு, கோயில் வளவு, விளையாட்டுத் திடலின் ஓரம், தேயிலைக்கு உதவாத பாறைச் சரிவு, ஓடையோரம். நடுமுன் தோட்ட முகாமைத்துவத்திடமோ, காணி அரசாங்கத்துக்கு உரியதாயின் பிரதேச செயலகத்திடமோ, எழுத்து மூலம் அனுமதி பெறுக. அக்கடிதத்திலே மூன்று விடயங்கள் இருத்தல் வேண்டும்: எத்தனை மரம் எங்கே நடப்படுகின்றது, கொட்டை பொறுக்கும் உரிமை யாருக்கு, என்றேனும் மரம் வெட்டப்படின் அதன் பெறுமதி யாரைச் சேரும். வாய்மொழி வாக்குறுதி துரை மாறும்போது மாறும், கடிதம் மாறாது. ஒரு பிரதியைப் பாடசாலையிலோ கோயிற் சபையிலோ வைத்துக்கொள்ளுதல் நன்று.

இறுதியாக

சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்போரும், வயலுக்கு மேலே அரை ஏக்கர் மேட்டு நிலம் உடையோரும் இவ்வாண்டு மழைக்கே தொடங்கலாம். ஆறு கெக்குண, இரண்டு பலா, ஒரு காட்டு ஈரப்பலா, ஒரு ஹல், இவை போதும். விதை தேடுவோர் பாதுகாக்கப்பட்ட வனத்தினுள் புகுந்து பொறுக்குதல் ஆகாது. ஊரிலும் விகாரை வளவுகளிலும் நிற்கும் பழைய மரங்களை விசாரித்து, உரியவர் சம்மதத்துடன் எடுத்துக்கொள்க. ஈரவலய மரங்களை நேரிற் பார்த்து அறிய விரும்புவோருக்கு அவிசாவளையிலுள்ள சீதாவாக்கைத் தாவரவியற் பூங்கா அருகிலுள்ளது. நடுகை பற்றிய ஐயங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

நாலு மாதத்துப் பயிர் இவ்வாண்டுப் பசியைத் தீர்ப்பது. அதனைக் கைவிடுமாறு இப்பிரசுரம் கூறவில்லை. ஆனால், பசளைக் கப்பல் வராத ஆண்டும், இலை நோய் வந்த ஆண்டும், சந்தை விழுந்த ஆண்டும் இனியும் வரக்கூடும். அவ்வாண்டிலே நமது பிள்ளைகள் மரத்தடிக்குச் சென்று பொறுக்கி எடுக்க ஏதேனும் இருக்க வேண்டுமாயின், அதனை இன்று நடுவோர் நாமே.